திரைக்குள் ஒரு விமானி அறை: சுற்றிப் பார்ப்பது ஏன் இவ்வளவு கடினம்?

வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டும் அனுபவத்தைத் திரையில் தரும் மென்பொருள், ஓட்டுபவர்கள் கூடிப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு, மேகங்களின் அழகு, நகரங்களின் துல்லியம் என்ற திசையிலேயே போகிறது. அவை முக்கியமல்ல என்று சொல்ல முடியாது. ஆனால் விமானத்தை ஒழுங்காக ஓட்ட முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. விமானி இருக்கையில் உட்கார்ந்தபடி இடது தோளுக்குப் பின்னால் இருக்கும் ஓடுபாதையைப் பார்த்துவிட்டு, வேகமானியை ஒரு கணம் நோக்கி, மறுபடி வெளியே பார்வையைக் கொண்டுபோக முடிய வேண்டும். உண்மையான விமானத்தில் கழுத்து தானாகச் செய்துவிடும் இந்த வேலை, மேசை மேல் இருக்கும் மானிட்டர் முன்னால் ஒரு சிக்கலான தொழில்நுட்பப் பிரச்சினையாக மாறிவிடுகிறது.

சிக்கலின் வேர் வடிவக்கணிதத்தில் இருக்கிறது. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு இரு கண்களும் சேர்ந்து கிடையாகச் சுமார் 200 டிகிரி வரை தென்படுகிறது. அதில் கூர்மையாகத் தெரிவது நடுவிலுள்ள ஓரிரு டிகிரி மட்டுமே என்றாலும், அசைவையும் வேகத்தையும் உணர்த்துவது ஓரப்பார்வைதான். இப்போது 24 அங்குல மானிட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். அறுபது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது நம் கண்ணில் எடுத்துக்கொள்ளும் கோணம் 48 டிகிரி. 27 அங்குல மானிட்டராக இருந்தாலும் 53 டிகிரியைத் தாண்டாது. அதாவது, பொருள்களை அவற்றின் உண்மையான அளவில் காட்ட வேண்டுமென்றால், விமானி காணும் உலகில் கால்பங்கைச் சற்றே ஒட்டிய ஒரு துண்டுதான் நமக்குக் கிடைக்கும். மீதியைப் பார்க்கத் தலைக்குப் பதிலாக வேறு ஏதாவது திரும்பியாக வேண்டும்.

இது எவ்வளவு பெரிய குறை என்பது மீனம்பாக்கத்தில் எழும்பி, ஓடுபாதையைச் சுற்றிவந்து, அங்கேயே இறங்கும் ஒரு சுற்று பறந்து பார்த்தால் விளங்கும். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 07/25 (ஒரே ஓடுபாதைக்கு எந்தத் திசையில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வரும் இரு எண்கள்) சுமார் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. பெரிய விமானங்கள் ஓயாமல் வந்திறங்கும் அந்த இடத்தில் சிறிய விமானம் சாவகாசமாகச் சுற்றிவருவதற்குச் சிமுலேட்டரே ஏற்ற இடம். செஸ்னா 172-இல் 25-ஆம் ஓடுபாதையிலிருந்து மேற்கு-தென்மேற்காக எழும்பி, இடப்பக்கச் சுற்றாகத் திரும்பி, தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாகக் கிழக்கு நோக்கி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் வேளச்சேரியும் அதற்கப்பால் வங்கக் கடலும் தெரிகின்றன; வலப்பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். ஓடுபாதையும் அதற்கு அந்தப் பக்கம் பரங்கிமலையும் நேர் இடப்பக்கத்தில், அதாவது மூக்கிலிருந்து 90 டிகிரியில் இருக்கின்றன. செஸ்னாவில் பறப்பதற்குக் கற்றுக்கொடுப்பவர்கள், இடது இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியின் நடுப்பகுதியில் ஓடுபாதை வெட்டுவதுபோல் தெரிந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது என்று சொல்வார்கள். அந்தக் கம்பியைப் பார்க்க முடியாதவருக்கு அந்த அளவுகோல் இல்லை.

அடுத்த கட்டம் இன்னும் கடினம். ஓடுபாதையின் தொடக்க முனையைக் கடந்ததும் எஞ்சின் வேகத்தைக் குறைத்து இறங்கத் தொடங்குகிறோம். அந்த முனை இறக்கைக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது பொது விதி. மூக்கிலிருந்து கணக்கிட்டால் அது 135 டிகிரி. நேராகப் பார்க்கும் 48 டிகிரித் திரையின் இடது விளிம்பு 24 டிகிரியிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, விமானி அந்த நேரத்தில் பார்த்தே ஆக வேண்டிய பொருள் திரை விளிம்பிலிருந்து இன்னும் 111 டிகிரி அப்பால் இருக்கிறது. திரும்பத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், திரும்பும் பக்கத்து இறக்கை தாழ்ந்து ஓடுபாதையையே மறைத்துவிடும். அதனால்தான் திரும்புவதற்கு முன்பே பார்க்கச் சொல்கிறார்கள். திரும்பிய பிறகும் வேலை முடியவில்லை. கடல் பக்கமிருந்து நேராக இறங்கிவரும் வேறு விமானம் ஏதும் உண்டா என்று இப்போது வலப்பக்கம் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய நடந்து முடிகிற காரியங்கள். சிமுலேட்டரில் பலரும் ஓடுபாதையைத் தாண்டிப்போய் வளைந்து நெளிந்து இறங்குவதற்குக் கைத்திறன் குறைவு காரணமல்ல என்பது என் உறுதியான கருத்து. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க வழியில்லாததே காரணம்.

ஆரம்ப காலச் சிமுலேட்டர்கள் இந்தப் பிரச்சினையைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கியதும், அதன் வழிவந்து 1982-இல் ஐபிஎம் கணினிக்கு வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் மிக எளிமையான ஒரு வெளியுலகையும் அதற்குக் கீழே தட்டையான கருவிப் பலகையையும் காட்டின. பின்னர் நெடுங்காலம், பக்கவாட்டில் பார்க்கக் கட்டளையிட்டால் கருவிப் பலகை போய் வேறொரு படம் வந்து நிற்கும். காக்பிட் எனப்படும் விமானி அறை ஒரு இடமாக இல்லாமல் படங்களின் அடுக்காகவே இருந்தது. 2000-த்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில்தான் முப்பரிமாணக் காக்பிட் பரவலாகி, 2004 பதிப்பில் அதற்குள்ளேயே சுவிட்சுகளை மவுஸால் இயக்கும் வசதி வந்தது. இன்று மைக்ரோசாஃப்டின் 2020, 2024 பதிப்புகளிலும் எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டரிலும் விமானி அறை ஒரு முழு அறை. இருக்கையின் தையல்கூடத் தெரிகிறது. அறை கிடைத்துவிட்டது, கழுத்து கிடைக்கவில்லை என்பதுதான் இன்றைய நிலை.

இதற்குப் பலரும் முதலில் தேடும் குறுக்குவழி ஸூமைக் குறைத்துப் பார்வைக் கோணத்தை விரிப்பது. 48 டிகிரி கொள்ளும் திரையில் 90 டிகிரிக் காட்சியைத் திணித்தால் கருவிப் பலகை முழுவதும், இரு பக்கச் சன்னல்களின் ஓரமும் ஒரே நேரத்தில் தெரியும். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் திரையின் நடுவிலுள்ள எல்லாம் பாதிக்கும் குறைவான அளவுக்குச் சுருங்கிவிடும். தொலைவிலுள்ள ஓடுபாதை இன்னும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். உயரமானியின் எண்கள் படிக்க முடியாமல் போகும். விளிம்புகள் இழுபட்டுத் தெரிவதால் விமானம் உண்மையைவிட வேகமாகப் போவதுபோன்ற உணர்வும் வரும். தரையிறங்கும்போது தொலைவையும் சரிவையும் கண்ணால் மதிப்பிடுபவருக்கு இது பெரும் கேடு. முழுமையாக உண்மை அளவிலேயே வைத்துக்கொள்ளவும் முடியாது. அப்போது ஓடுபாதை தெரிந்தால் கருவிகள் தெரியாது. ஒரே மானிட்டர் வைத்திருப்பவர் 60 முதல் 70 டிகிரிக்குள் ஒரு சமரசத்துக்கு வந்து, பின்பு அதை மாற்றாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். கோணம் மாறிக்கொண்டே இருந்தால் கண்ணின் மதிப்பீடு ஒருநாளும் நிலைபெறாது.

பார்வைக் கோணத்துக்கு முன்பே சரிசெய்ய வேண்டிய இன்னொன்று உண்டு. அதைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. அது கண் இருக்கும் இடம். விமானத்தை வடிவமைப்பவர்கள் விமானியின் கண் எங்கே இருக்கும் என்று ஒரு புள்ளியை முடிவுசெய்துகொண்டுதான் கண்ணாடியின் விளிம்பையும் கருவிகளின் சாய்வையும் தீர்மானிக்கிறார்கள். ஏர்பஸ் ஏ320 காக்பிட்டில் முன்கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள தூணில் சிறு உருண்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். விமானி இருக்கையை ஏற்றி இறக்கி, முன்பின் நகர்த்தி, ஓர் உருண்டை மற்றதைச் சரியாக மறைக்கும் நிலைக்கு வந்தால் அவருடைய கண் உரிய இடத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைவிடத் தாழ உட்கார்ந்தால், மூடுபனியில் இறங்கும்போது விமானத்தின் மூக்குக்குக் கீழே தெரிய வேண்டிய ஓடுபாதை விளக்குகளில் ஒரு பகுதி மறைந்துபோகும். சிமுலேட்டரில் நாம் காக்பிட்டுக்குள் நுழையும்போது கிடைக்கும் இயல்புநிலைக் கண்ணிடம் எல்லா விமானத்துக்கும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இருக்கையின் உயரத்தை மாற்றும் விசைகளைக் கொண்டு, கருவிப் பலகையின் மேல்விளிம்புக்கு மேலே எஞ்சின் மூடியின் ஒரு கீற்று தெரியும்வரை ஏறிக்கொள்ளுங்கள். விமானம் சமநிலையில் பறக்கும்போது அடிவானம் அந்த விளிம்பிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கருவியைப் பார்க்காமலேயே சொல்ல முடியும். கண்ணிடம் ஒவ்வொரு முறையும் மாறினால் இந்தப் பழக்கம் உருவாகாது.

இனி, திரும்பிப் பார்க்கும் வழிகள். மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு இழுப்பது அனைவருக்கும் கிடைக்கும் வழி. நிறுத்தி வைத்த விமானத்தில் சுவிட்சுகளைத் தேட அது போதும், இறங்கும்போது போதாது. ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்கும் ஹேட் ஸ்விட்ச் அதைவிட மேல். ஆனால் மெதுவாக நகரும்படி அமைத்தால் 135 டிகிரியை எட்டும் நேரத்தில் திரும்ப வேண்டிய இடம் கடந்துபோய்விடும். வேகமாக அமைத்தால் கட்டைவிரலின் அழுத்தம் ஜாய்ஸ்டிக்கையே தள்ளி விமானத்தைச் சாய்க்கும். இவற்றைவிடப் பயனுள்ளதும் அதிகம் பேசப்படாததுமான வழி, பார்வைகளைச் சேமித்து வைத்தல். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் ஓர் எண்ணை அழுத்தினால் அப்போதைய பார்வை அந்த எண்ணில் பதிவாகும். பிறகு ஆல்ட்டும் எண்ணும் போதும். எக்ஸ்-பிளேனில் கண்ட்ரோலோடு வலப்பக்க எண்விசையை அழுத்திச் சேமித்து, எண்விசையை மட்டும் அழுத்தித் திரும்பப் பெறலாம். இடப்பக்கம் 90 டிகிரி, இடப்பின்பக்கம் 135 டிகிரி, வலப்பக்கம், ரேடியோ என நான்கைந்து பார்வைகளைச் சேமித்து ஜாய்ஸ்டிக் பொத்தான்களில் வைத்துக்கொண்டால், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் மேற்சொன்ன மீனம்பாக்கச் சுற்றை ஒழுங்காகப் பறக்க முடியும். காட்சி சட்டென்று வெட்டி மாறுவதால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது ஒரு கணம் குழம்பும் என்பதே இதன் குறை.

தலையின் அசைவையே கண்காணிக்கும் முறை இதற்கு அடுத்த படி. நேச்சுரல்பாயிண்ட் நிறுவனத்தின் ட்ராக்ஐஆர் இதைப் பரவலாக்கியது. மானிட்டர் மேல் ஒரு அகச்சிவப்புக் கேமரா இருக்கும். தொப்பியிலோ ஹெட்செட்டிலோ மூன்று புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நகர்வதைக் கொண்டு தலை திரும்புவது, குனிவது, சாய்வது, மூன்று திசைகளில் இடம்பெயர்வது ஆகிய ஆறு அசைவுகளையும் மென்பொருள் கணக்கிட்டுவிடும். தலையை 90 டிகிரி திருப்பினால் மானிட்டரையே பார்க்க முடியாதே என்ற கேள்வி இயல்பாக எழும். அதனால்தான் அசைவு பெருக்கப்படுகிறது. தலை 20, 25 டிகிரி திரும்பும்போது காக்பிட்டுக்குள் பார்வை 120 டிகிரிக்கு மேல் போய்விடும். கண்கள் மட்டும் எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்பித் திரையிலேயே நிற்கும். கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும், தலை திரும்பும்போது கண்களை எதிர்த்திசையில் நகர்த்துவது உடலுக்குப் பிறவியிலேயே உள்ள வழக்கம் என்பதால், சில நாள்களில் இது பழகிவிடுகிறது.

பழகுவதும் வெறுத்துப்போவதும் பெருக்கத்தின் வளைகோட்டை, அதாவது தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற கணக்கை, எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நடுவில் சில டிகிரிக்கு எந்த அசைவும் இல்லாத, அல்லது மிகக் குறைந்த பெருக்கமுள்ள பகுதி வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு விட்டாலே கருவிப் பலகை நடுங்கும். அதற்கு வெளியே வளைகோடு மெல்ல ஏறி, தோள் பக்கம் போகும்போது செங்குத்தாக வேண்டும். நகரும் காட்சியில் சிறு சுவிட்சை மவுஸால் பிடிப்பது கடினம் என்பதால் கண்காணிப்பை நிறுத்திவைக்கும் விசையும், நாற்காலியில் உட்காரும் விதம் மாறிவிட்டால் நடுவை மீட்டமைக்கும் விசையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஜாய்ஸ்டிக்கிலேயே வைத்துக்கொள்வது சிறந்தது.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் கைவிட வேண்டியதில்லை. ஓப்பன்டிராக் என்ற திறமூல மென்பொருள் சாதாரண வெப்கேமரா காட்டும் முகத்தைக் கொண்டே தலையின் நிலையைக் கணக்கிடுகிறது. முகத்தில் சீரான டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் போதும். இன்னும் துல்லியம் வேண்டுபவர்கள் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் சில அகச்சிவப்பு எல்இடிகளையும் மின்தடைகளையும் வாங்கி, தொப்பியில் பொருத்தி, யுஎஸ்பி மின்சாரத்தில் எரியவிட்டுத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வெப்கேமராவின் லென்ஸுக்குப் பின்னாலுள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கழுவிய கலர் ஃபிலிம் சுருளின் கறுத்த நுனியை வெட்டி வைப்பது நெடுநாள் வழக்கம். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விட்டுவிடும். இதில் நம்மூருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மேற்குச் சன்னல் உள்ள அறையில் பிற்பகல் வெயில் கேமராவின் பார்வைக்குள் வந்துவிட்டால், வெயிலிலுள்ள அகச்சிவப்பு ஒளி தொப்பியின் எல்இடிகளை மூழ்கடித்துவிட, பார்வை கூரைக்கும் தரைக்குமாகத் தாவும். தடித்த திரைச்சீலை போட்ட பிறகே கருவியைக் குறை சொல்ல வேண்டும்.

தலைக் கண்காணிப்பின் பெரிய பயன் திரும்பிப் பார்ப்பது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதைவிட மதிப்பு வாய்ந்தது, தலையைப் பக்கவாட்டில் நகர்த்த முடிவது. மோதும் பாதையில் வரும் இன்னொரு விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நின்று மெல்லப் பெரிதாகும். அந்த இடத்தில் கதவுத் தூண் இருந்துவிட்டால் கடைசி வரை அது தெரியாது. அதனால்தான் விமானிகள் தலையை முன்னும் பின்னும் நகர்த்தித் தூணுக்கு அப்பால் பார்க்கப் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். வானத்தை ஒரே வீச்சில் துழாவாமல், பத்து டிகிரிக்கு மிகாத பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நொடி கண்ணை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை. நகர்ந்துகொண்டிருக்கும் கண் சிறு புள்ளியைத் தவறவிட்டுவிடும். தலை நகர்ந்தால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் வேறுவேறு அளவில் இடம் மாறும் என்பதால், தட்டைத் திரையில் இல்லாத ஆழ உணர்வில் ஒரு பங்கும் இதனால் திரும்பக் கிடைக்கிறது.

கண்களை மூடி அணிந்துகொள்ளும் மெய்நிகர் காட்சிக் கருவியான விஆர் ஹெட்செட் இந்தச் சமரசங்களில் பலவற்றை நீக்கிவிடுகிறது. எக்ஸ்-பிளேனில் 2018-லும், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் 2020 டிசம்பரிலும் இந்த வசதி வந்தது. பெருக்கம் தேவையில்லை, வளைகோடு தேவையில்லை. தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டுமென்றால் தோளுக்குப் பின்னால் திரும்பினால் போதும். ஆனால் விலை வேறு உருவில் வருகிறது. மெட்டா குவெஸ்ட் 3 ஒவ்வொரு கண்ணுக்கும் 2064 × 2208 புள்ளிகளைத் தந்தாலும், அவை அகன்ற காட்சியில் பரவுவதால் டிகிரிக்குச் சுமார் 25 புள்ளிகளே கிடைக்கின்றன. 1920 புள்ளி அகலமுள்ள நம் 24 அங்குல மானிட்டரில் அது 40. சிறு எழுத்துகளைப் படிக்கத் தலையை முன்னே நீட்ட வேண்டியிருக்கும். விசைப்பலகையும் வரைபடமும் கண்ணுக்கு மறைந்துபோகும். விமானம் சாய்வதைக் கண் பார்க்க, சமநிலையை அறியும் உட்செவி அதை உணராததால் சிலருக்குக் குமட்டல் வரும். சென்னையின் மே மாத வெக்கையில் முகத்தைச் சுற்றி அடைத்த நுரைப்பட்டை வியர்வையில் நனைவதும் லென்ஸ் மங்குவதும் வேறு. மின்விசிறியை நேராக முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்வது உதவும். நெடுந்தூர ஏர்பஸ் பயணத்துக்கு மானிட்டரும், கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானத்துக்கு விஆரும் என்று பிரித்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

எந்தக் கருவி இருந்தாலும் பழக்கம் தானாக வராது. வீட்டுச் சிமுலேட்டரில் பலகாலம் ஓட்டிவிட்டுப் பறக்கும் பயிற்சிக்கு வருபவர்கள் கருவிகளையே உற்றுப் பார்க்கிறார்கள் என்பது பயிற்றுநர்கள் பரவலாகச் சொல்லும் குறை. வெளியே பார்ப்பது கடினமாகவும் கருவிகளைப் பார்ப்பது எளிதாகவும் அமைந்த திரையில் வளர்ந்த கண் வேறெப்படிப் பழகும்? தெளிந்த வானில் பத்தில் ஒன்பது பங்கு கவனம் வெளியே இருக்க வேண்டும் என்று கற்பிக்கப்படும் துறையில் இது சிறிய குறை அல்ல. இதைத் திருத்த ஒரு பயிற்சி இருக்கிறது. மானிட்டரின் கீழ்ப்பகுதியில், கருவிப் பலகை தெரியும் இடத்தை மட்டும் ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, எஞ்சின் மூடிக்கும் அடிவானத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி, காதில் விழும் எஞ்சின் ஒலி, இடது சாய்வுக் கம்பியில் ஓடுபாதை வெட்டும் இடம் ஆகிய மூன்றையும் மட்டுமே நம்பி 25-ஆம் ஓடுபாதையில் ஒரு சுற்று பறந்து இறங்கிப் பாருங்கள். அட்டையை நடுவில் ஒருமுறை விலக்கி, நீங்கள் நினைத்த வேகமும் உயரமும் கருவி காட்டுவதோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுங்கள்.